கல்லில் தேயும், சேற்றில் வளரும்

ஃபெஸ்டிக்குக் கடல் ஆகவே ஆகாது. கானமராக் கரையில் பிறந்தவன்தான். வாசலில் நின்றாலே உப்புக்காற்று முகத்தில் அறையும். என்றாலும் தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டால் ஆள் வெளிறிப்போவான். அவன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். கடலுக்குப் போகாதவனுக்குக் கரையில் என்ன பிழைப்பு என்று கேட்டால், சதுப்பு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கண்ணெட்டும் தூரம் வரை கறுத்த ஈரமண். அதை வெட்டிக் கட்டிகட்டியாகக் காயவைத்தால் விறகுபோல எரியும். அந்தக் கரிக்கட்டியைப் பாய்ப்படகில் ஏற்றினால், மரமென்று ஒன்று முளைக்காத தீவுகளில் அடுப்பெரிக்க வாங்கிக்கொள்வார்கள்.

போன படகு வெறுமனே திரும்பாது. ஜூன் பிறந்துவிட்டால், அந்தத் தீவுகளுக்கு நடுவில் இருக்கும் நடுத்தீவில் புல் கருகிவிடும், கிணறு அடிதட்டும். வெறும் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மணலையும் கடற்பாசியையும் கொட்டிக் கொட்டி மனிதன் உண்டாக்கிய மண். கோடையில் அங்கே குதிரைக்கு வேலையும் இல்லை, தீனியும் இல்லை. ஆகவே தீவுக்காரர்கள் குதிரைகளைப் படகில் ஏற்றி, இந்தக் கரையில் தெரிந்த வீடுகளுக்கு மேய்ச்சலுக்கு அனுப்பிவைப்பார்கள். இலையுதிர்காலம் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். எந்த வீட்டுக் குதிரை எந்த வீட்டுக்கு என்பது தாத்தா காலத்து ஏற்பாடு. உப்பிட்டுக் காயவைத்த மீன் வரும், இங்கிருந்து ஒரு பாரம் கரிக்கட்டி போகும், அதோடு சரி.

ஃபெஸ்டியின் வீட்டுக்கு வருவது பார்ட்லி என்பவரின் பெட்டைக் குதிரை. லியா என்று பெயர். சாம்பல்காரி என்று அர்த்தம். ஒரே குளிர்காலத்தில் இந்தக் கரையில் ஃபெஸ்டியின் அப்பாவும், அந்தத் தீவில் பார்ட்லியும் போய்ச் சேர்ந்தார்கள். சதுப்பு ஃபெஸ்டிக்கு வந்தது. குதிரை பார்ட்லியின் மகள் பாபீனுக்குப் போனது. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் குதிரையைக் கூட்டிப்போகப் பாபீனே படகேறி வந்துவிட்டாள். சிவப்புக் கம்பளிப் பாவாடை, தலையில் முக்காடு, முப்பதைத் தாண்டிய வயது. துறையில் இறங்கியவள் ஃபெஸ்டிக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே லியாவிடம் போய்த் தோளோடு தோள் சாய்ந்து நின்று, முன்னங்காலை மடக்கித் தூக்கிப் பார்த்தாள்.

“என்னய்யா இது?”

“குளம்பு,” என்றான் ஃபெஸ்டி.

“குளம்பா? நான் குதிரையத்தானே அனுப்புனேன், நீ வாத்தத் திருப்பித் தர்றியே!”

துறையில் கரிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பாபீன் விடவில்லை.

“பாரு, ஓரமெல்லாம் விரிஞ்சு, பொரையோடிப் போயிருக்கு. விரல வெச்சு அமுக்குனா உள்ளங்குளம்பு அமுங்குது. இத ஊருக்குக் கொண்டுபோனா நவம்பர் வரைக்கும் தணல் மேல நடக்கற மாதிரி நடக்கும். நான் பாசி சுமக்கறதா, குதிரையச் சுமக்கறதா?”

ஃபெஸ்டிக்கும் சுருக்கென்றது. “இந்தாம்மா, வர்றப்ப எப்படி வந்துச்சுன்னு கேளு. கிழவி பல்லு மாதிரித் தேஞ்சு வந்துச்சு. கல்லு உங்க ஊரு கல்லு, நான் போட்டதில்ல. தேஞ்சத வளத்துக் குடுத்திருக்கேன், அதுக்கொரு நல்ல வார்த்த உண்டா?”

“வளத்திருக்கே, இல்லேங்கல. நாத்தங்கால்ல நாத்து வளக்கற மாதிரி வளத்திருக்கே. உறுதின்னு ஒண்ணு வேணாமா?”

படகுக்காரன் மிக்கிலீன் குறுக்கே புகுந்து, துறையில் தண்ணீர் இறங்குவதற்குள் கிளம்ப வேண்டும் என்று சொல்லித்தான் பேச்சை முடித்தான். லியாவைப் பலகை வழியாகப் படகில் இறக்கினார்கள். பாபீன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். படகு திரும்பி மறையும்வரை அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஃபெஸ்டி பார்த்துக்கொண்டே நின்றான் என்று மிக்கிலீன் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான்.

லாடம் அடித்தால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லக்கூடும். தீவுப் பாறையில் இரும்பு பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கும், பாறைப் பிளவில் மாட்டினால் காலே போய்விடும். சதுப்பிலோ, ஆணியோடு சேர்த்து லாடத்தைச் சேறு உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இரு கரையிலும் குதிரைக்கு வெறுங்கால்தான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வாத்து ஃபெஸ்டியைக் குடைந்தது. அவனொன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவனில்லை. கத்தியும் அரமும் எடுத்து, மேய்ச்சலுக்கு வந்த குதிரைகளுக்கு ஓரம் சீவி விடுவான். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை; அமுக்கினால் அமுங்கத்தான் செய்தது.

ஒரு நாள் அக்கா நாப்லாவின் வீட்டுக்கு மலையடிவாரம் போயிருந்தான். அக்கா புருஷனின் குதிரைகள் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்தன. அவற்றில் ஒன்று ஃபெஸ்டியின் வீட்டில் பிறந்து, பால் மறந்ததும் அக்காவுக்குக் கொடுத்தது. அதன் தம்பி இன்னும் ஃபெஸ்டியின் சதுப்பில்தான் மேய்கிறது. மலைக்காரனின் காலைத் தூக்கிப் பார்த்தான் ஃபெஸ்டி. குட்டையாக, உருண்டையாக, ஓரமெல்லாம் மழுங்கி, தட்டினால் கட்டையைத் தட்டினதுபோலச் சத்தம் வந்தது. இதற்கு யாரும் அரம் போட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து தம்பியின் காலைத் தூக்கினான். முன்பக்கம் படகுமூக்குப்போல நீண்டு கிடந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். மலைக்காரன் புல்லைத் தேடிக் கருங்கல்லில் நாளெல்லாம் அலைகிறான். சதுப்புக்காரன் நின்ற இடத்தில் தலையைக் குனிந்தால் போதும்.

மறு வருடம் லியா வந்தது. ஜூலை வரைக்கும் சதுப்பில் விட்டான். தேய்ந்த குளம்பு வளரட்டும் என்று. ஆகஸ்ட் பிறந்ததும் ஈரத்திலிருந்து மேட்டுக்கு மாற்றினான். சாயங்காலம் ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலோரம் போய்விடுவான். அலை பின்வாங்கிய இடத்தில் கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கும். முதலில் லியா கூசிக்கூசி நடந்தது. இரண்டு நடை நடத்திவிட்டுக் கூட்டி வந்துவிட்டான். மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினான். பிறகு பெருங்கற்கள் பக்கம். தண்ணீரை மட்டும் அண்டவில்லை. குதிரை அலையோரம், அவன் அதற்கு இந்தப் பக்கம்.

நாப்லாவின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா ஃபெஸ்டி, நாப்பது வயசு ஆகப்போகுது, ஒரு பொண்ணக் கூட்டிக்கிட்டுக் கடக்கரைக்குப் போனதில்ல. இப்ப தெனம் போறியாமே? பொண்ணு நல்ல லட்சணம்னு பேசிக்கறாங்க. காது மட்டும் கொஞ்சம் நீளமாமே?”

“வாத்துன்னு சொல்லிட்டாக்கா,” என்றான் ஃபெஸ்டி.

“யாரு, குதிரையா?”

“அது ஏங்க்கா சொல்லுது. அதோட மொதலாளி.”

நாப்லா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

செப்டம்பரில் பாபீன் வந்தாள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கட்டைவிரலால் அமுக்கினாள். விரல் முட்டியால் தட்டினாள். சத்தம் கேட்டது. துறையில் இருந்தவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாபீன் வாயே திறக்கவில்லை. காலைக் கீழே வைத்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து ஃபெஸ்டியின் கையில் வைத்தாள். கொடுக்க வேண்டிய மீன் முன்பே வந்துவிட்டிருந்தது, இது தனி. அவள் கையால் பின்னிய காலுறை ஒரு ஜோடி.

“ஒண்ணும் சொல்லலயே?” என்றான் ஃபெஸ்டி.

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்லயே,” என்றாள் அவள்.

அன்றைக்கு ஃபெஸ்டி வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனான்.

அதன்பின் இருவருக்கும் தூது மிக்கிலீன்தான். எழுதுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. கரிக்கட்டிப் பாரத்தோடு சேர்ந்து வசவும் போகும். “பின்னங்கால் முன்னோரம் சில்லு பேந்திருக்கு, பாறைப் பொளவுல ஓட்டுனாளான்னு கேளு.” பதில் வரும்: “அவன் சேத்துல பாறைன்னு ஒண்ணு இருந்தாத்தானே ஓட்டறதப் பத்திப் பேசறதுக்கு!” மிக்கிலீன் நடுவில் தன் சரக்கையும் சேர்ப்பான் என்பது இருவருக்கும் தெரியும். எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில் ஃபெஸ்டிக்கு ஒரு சுகம் இருந்தது.

சில கோடைகள் இப்படிப் போயின. ஒரு ஜூனில் லியா வந்து இறங்கியதும் ஃபெஸ்டி வழக்கம்போலக் காலைத் தூக்கினான். இடக்கால்கள் இரண்டும் வலக்கால்களைவிட மிகவும் தேய்ந்திருந்தன. முதுகில் சேணம் இடப்பக்கம் அழுத்தி மயிர் உதிர்ந்திருந்தது. அவன் காலைக் கீழே விடாமல் யோசித்தான். பாசி சுமக்கும் கூடை இருபுறமும் தொங்கும். இடக்கூடை எப்போதும் கனம் என்றால் என்ன அர்த்தம்? பாசி ஒதுங்கும் இடம் பாறைகளுக்கு நடுவே சந்துபோல இருக்கும், குதிரையைச் சுற்றி வர முடியாது என்று மிக்கிலீன் சொல்லியிருக்கிறான். இடப்பக்கம் நின்று, கவைக்கோலால் பாசியை அள்ளி, குதிரை முதுகுக்கு மேலாக வலக்கூடைக்கு வீச வேண்டும். கை உயரத் தூக்க முடியாதவள்தான் பக்கத்துக் கூடையிலேயே போட்டு நிரப்புவாள்.

“மிக்கிலீன், அவளுக்குத் தோள்ல என்ன?”

“யாருக்கு?”

“யாருக்குன்னு கேக்கறியே. பாபீனுக்கு.”

“நல்லாத்தானேடா இருக்கா. அடுப்புல வெச்ச கெட்டிலு மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கா.”

“எந்தத் தோளுன்னு கேட்டு வா.”

அடுத்த பாரம் இறக்கி வந்த மிக்கிலீன் படகைக் கட்டுவதற்கு முன்பே கத்தினான். “டேய், நீ என்ன மந்திரவாதியா? நான் கேட்டதும் அவ மொகத்தப் பாக்கணுமே! பிப்ரவரில பாறையில விழுந்திருக்கா, பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லல. ‘அவன குதிரை காலப் பாக்கச் சொல்லு, என் தோளப் பாக்க வேணாம்’னு சொன்னா.”

“குதிரை காலத்தாண்டா பாத்தேன்,” என்றான் ஃபெஸ்டி.

அந்த வருடம் குளிர்காலத்தில் அவன் நிலைகொள்ளாமல் திரிந்தான். பிப்ரவரியில் பெரும்புயல் ஒன்று அடித்தது. புயல் ஓய்ந்தால் பாசி மலைமலையாக ஒதுங்கும், அதை அலை திரும்ப இழுத்துப் போவதற்குள் அள்ள வேண்டும். அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவள் எப்படி அள்ளுவாள்? மூன்றாம் நாள் காலை ஃபெஸ்டி துறைக்குப் போய் மிக்கிலீனின் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“எங்கடா?” என்றான் மிக்கிலீன்.

“பேசாத. பேசுனா எறங்கிடுவேன்.”

வழி நெடுகப் படகின் அடித்தட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தான். வயிற்றில் இருந்தது, இல்லாதது எல்லாம் வெளியே வந்தது. நடுத்தீவில் இறங்கியபோது முகம் பாசி நிறத்தில் இருந்தது. ஆணி வைத்த கனத்த பூட்ஸோடு பாறையில் ஏறினான். சுண்ணாம்புப் பாறை தளம் போட்டதுபோல விரிந்து கிடந்தது, மழையில் பளபளத்தது. நாலாம் எட்டில் இரண்டு காலும் மேலே போக, முதுகு கீழே வந்தது. கண்ணைத் திறந்தால், மேலே சிவப்புப் பாவாடை. பாபீன் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற லியாவும் குனிந்து மோந்து பார்த்தது.

“லாடம் கட்டிக்கிட்டு எங்க ஊருக்கு யாருய்யா வரச்சொன்னது?” என்றாள்.

அன்று மாலையே அவனுக்குத் தீவுச் செருப்பு தைத்துக் கொடுத்தாள். பச்சை மாட்டுத்தோல், மயிர் வெளிப்பக்கம், கயிறு கோத்துக் காலோடு இழுத்துக் கட்டுவது. பாம்பூட்டி என்பார்கள். ராத்திரி தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் விறைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டதும் பாறையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் பாதத்துக்குத் தெரிந்தது. வெறுங்குளம்பை வைத்து ஒரு குதிரை இங்கே என்ன பாடுபடும் என்பது ஃபெஸ்டிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சும்மா நடந்தாலே காலைச் சாணை பிடிக்கும் ஊர்.

ஒரு வாரம் பக்கத்து வீட்டில் தங்கிப் பாசி சுமந்தான். இரண்டு கூடையும் சமமாக நிரப்பினான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் பாபீன் இறங்குவாள், அவன் கரையில் நின்று வாங்கிப் போடுவான். தீவுக்காரர்கள் வேலிச்சுவர் மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். “பாபீன், சேத்துக்காரன என்ன வெலைக்கு வாங்குன?” என்று ஒருவர் கேட்டார். “குதிரையோட சும்மா வந்தது,” என்றாள் அவள்.

கிளம்பும் நாள் ஃபெஸ்டி அடுப்பருகே நின்று தொண்டையைச் செருமினான்.

“பாபீன், ஒரு விசயம்.”

“குளம்பப் பத்தியா?”

“குளம்பப் பத்தி இல்ல. என் வீட்டுக்கு வந்துரேன். அடுப்பு வருசம் பூரா அணையாது. அவ்வளவு கரிக்கட்டி.”

அவள் தேநீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள். “வந்தா என் காலு என்ன ஆகும்? செப்டம்பர்ல லியா காலு ஆகுமே, அது ஆகும். காலு ஊறிப்போய் நடக்கறதுக்கு நான் இந்தக் கல்லுல இவ்வளவு நாள் நடக்கல. எங்கப்பன் உண்டாக்குன மண்ணு இது. நீ வேணா இங்க வந்துரு.”

ஃபெஸ்டி ஜன்னல் வழியாகப் பார்த்தான். “நடுவுல அது இருக்கே.”

“எது?”

“கடல்.”

“கடலு வேற எங்க இருக்கும்? நடுவுலதான் இருக்கும்.”

ஆனால் அவள் குரலில் சூடில்லை. ஃபெஸ்டி தேநீரைக் குடித்துவிட்டுத் துறைக்கு நடந்தான். வந்தது மாதிரியே குப்புறப் படுத்துக்கொண்டு ஊர் திரும்பினான். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் மிக்கிலீனிடம் வசவு ஒன்றும் வரவில்லை, போகவும் இல்லை. மிக்கிலீனே சொந்தமாக இரண்டைக் கட்டிச் சொல்லிப் பார்த்தான். ஃபெஸ்டி நம்பவில்லை.

ஜூனில் படகு வந்தது. லியா நிற்கவில்லை, படகில் படுத்துக் கிடந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டு பாபீன் உட்கார்ந்திருந்தாள். அந்த வசந்தத்தில் தீவில் துறையிலிருந்து மேட்டுக்குப் புது ரோடு போட்டார்கள். சம்மட்டியால் உடைத்த ஜல்லி. குதிரை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கல் சுமந்தார்கள், பாபீனும் சுமந்தாள். தளம்போன்ற பாறை குளம்பைச் சீராகத் தேய்க்கும். அதற்கு லியா பழகியிருந்தது. உடைத்த ஜல்லிக்கு ஓரமெல்லாம் கத்தி. வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்து, உள்ளங்குளம்பு அடிபட்டு, முன் இடக்காலுக்குள்ளே சீழ் வைத்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து லியாவைக் கரையேற்றினார்கள். பாபீன் ஃபெஸ்டியின் எதிரில் வந்து நின்றாள்.

“திட்டு,” என்றாள்.

“என்ன?”

“சும்மா நிக்காத. திட்டு. நான் உன்ன அன்னைக்கு இதே துறையில நிக்க வெச்சுக் கேட்டிருக்கேன். எல்லாருந்தான் நிக்கறாங்க, திட்டிரு.”

ஃபெஸ்டி குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தான். அனலாக இருந்தது. “இப்பத் திட்டுனா குளம்பு வளந்துருமா? கயித்தப் புடி,” என்றான்.

மேட்டுத் தொழுவத்தில், காய்ந்த கரிக்கட்டியை நொறுக்கிக் கணுக்காலளவு மெத்தை போட்டு லியாவைக் கிடத்தினார்கள். ஃபெஸ்டி கத்தி முனையால் சீவிச் சீவி, கறுத்த புள்ளியைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டான். சீழ் பீறிட்டது. லியா நீளமாக ஒரு மூச்சு விட்டது. பாபீனும் விட்டாள். வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பதும், தவிட்டை வேகவைத்துச் சாக்குத்துணியால் கட்டுவதும் அவள் வேலை. அவள் நாப்லாவின் வீட்டில் தங்கிக்கொண்டாள். விடிந்ததும் வந்துவிடுவாள்.

சீழ் வற்றிப் புண் ஆறியதும் லியாவை மெதுவாகச் சதுப்போரப் புல்லுக்குக் கொண்டுவந்தார்கள். மெத்தென்ற அந்த மண்ணில் லியா முதன்முதலாக நாலு காலையும் சமமாக ஊன்றி நின்றது. பாபீன் அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு ஈரப்பாசிமேல் நின்றாள். விரலிடுக்கில் சேறு பிதுங்கியது.

“சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு,” என்றாள். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். அது கால் வைக்கிற இடமில்லை. தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டாள். ஃபெஸ்டி பலகையைப் போட்டு, அக்குளில் கை கொடுத்து இழுத்தான். அவள் வந்தாள், சேற்றோடு. இருவரும் விழுந்து கிடந்து சிரித்த சத்தம் நாப்லாவின் வீடு வரைக்கும் கேட்டதாம்.

அந்தக் கோடையில் கரிக்கட்டி அடுக்கப் பாபீனும் கைகொடுத்தாள். லியாவின் காலில் மயிர் முடிகிற கோட்டுக்குக் கீழே புதுக்குளம்பு இறங்கத் தொடங்கியது, வழவழப்பாக, வெடிப்பில்லாமல். அது நகம் வளர்கிற வேகத்தில்தான் வரும், அவசரப்படுத்த முடியாது. ஆகஸ்ட்டில் கடலோரம் கூட்டிப்போனபோது கயிற்றின் ஒரு பக்கம் ஃபெஸ்டி, மறுபக்கம், அலையோரமாக, பாபீன். திரும்பி வந்ததும் தொழுவத்து வாசலில் வழக்கமான சண்டை.

“செப்டம்பர்ல நான் போயிருவேன்,” என்றாள் பாபீன். “பாசிக்கு ஆளு வேணும். கெழங்கு போடணும்.”

“போ. நான் வேணாங்கல. ஆனா சதுப்ப விட்டுட்டு நான் எப்படி வருவேன்?”

பால் குடத்தோடு நாப்லா வந்துகொண்டிருந்தாள். குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

“ரெண்டு பேரும் அந்தக் குதிரையக் கொஞ்சம் பாருங்க. அது என்னைக்காச்சும் ஒரே கரையிலதான் இருப்பேன்னு அடம் புடிச்சுதா? அதுக்கு இருக்கற புத்திகூடவா உங்களுக்கு இல்ல? குளிருக்கு அங்க இருங்க, கோடைக்கு இங்க வாங்க. இதுக்கு ஒரு பாதிரியாரா வந்து சொல்லணும்?”

ஃபெஸ்டி பாபீனைப் பார்த்தான். பாபீன் லியாவைப் பார்த்தாள். “வருசத்துக்கு ரெண்டு தடவ கடலேறணும்,” என்றாள், குதிரையிடம் சொல்வதுபோல.

“ரெண்டு தடவதானே,” என்றான் ஃபெஸ்டி. சொல்லிவிட்டு, கடல் கண்ணில் படாதபடி திரும்பி நின்றுகொண்டான்.

தவக்கால நோன்புக்கு முந்திய கல்யாணப் பருவத்தில் நடுத்தீவு மாதா கோயிலில் மணம் முடித்தார்கள். மாப்பிள்ளை முதல்நாளே வந்து சேர்ந்தும் முகம் தெளியவில்லை. பாதிரியார் கேட்ட கேள்விக்கு, வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினான். “வாயத் தொறந்து சொல்லுய்யா, ஊரு கேக்கணும்,” என்று பாபீன் முழங்கையால் இடித்த பிறகு சொன்னான்.

மனிதன் கடைசிவரை கடலுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு ஜூனிலும், ஒவ்வொரு செப்டம்பரிலும் படகின் அடித்தட்டில் சாக்கைத் தலையில் மூடிக்கொண்டு லியாவின் முன்னங்காலைக் கட்டிப்பிடித்தபடி கிடப்பான். குதிரைகூட அசையாமல் நிற்கும். “மேய்ச்சலுக்குப் போற ஜோடி” என்று இரு கரையிலும் பெயர் வந்தது. பிள்ளை பிறக்கவில்லை. லியாவுக்குப் பிறந்தது; தாயைப்போலவே ஒரு சாம்பல் பெட்டை. அது குட்டியிலிருந்தே கோடையில் சேறு, குளிரில் பாறை என்று வளர்ந்தது.

அதற்கு ஐந்து வயதானபோது நாப்லாவின் புருஷன் விடாமல் நச்சரித்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் குதிரைக் கண்காட்சிக்கு அதைக் கூட்டிப்போக வைத்தான். கிழக்கே இருந்து வந்திருந்த நடுவர் நல்ல மனுஷர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் இந்தக் குட்டியிடம் வந்ததும் காலைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த காலையும் தூக்கினார். தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“அருமையான குளம்பு. ஆமா, எந்த நிலத்துல வளந்துச்சு இது?”

“சதுப்பு,” என்றான் ஃபெஸ்டி.

“பாறை,” என்றாள் பாபீன், அதே மூச்சில்.

“நீங்க கேளுங்கய்யா, நாலு மாசம் எங்க சேத்துல நிக்கலேன்னா இந்தக் குளம்புக்கு இவ்வளவு கனம் எங்கேருந்து வரும்?”

“கனம் வந்து என்ன? சீவி உருட்டி எடுக்கறது யாரு? எங்க கல்லு!”

“கல்லு சீவும், வளத்துக் குடுக்குமா?”

“வளந்து கெடந்தா ஆச்சா? போன வாரம் நீ சதுப்பு ஓரத்துல விட்டதுக்கு நான் தானே கடக்கரைக்கு இழுத்துட்டுப் போனேன்...”

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். பிறகு, இவர்கள் இப்போதைக்கு முடிக்க மாட்டார்கள் என்று தெரிந்து அடுத்த குதிரைக்கு நகர்ந்தார். குட்டியை நடத்திக் காட்டும் முறை வந்தபோதும் இருவரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாப்லாவின் புருஷன் ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் நடத்திக் காட்டினான். மூன்றாம் பரிசு கிடைத்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நாப்லா குடும்பத்தின் வண்டியில் பாபீனுக்கு இடம் இருந்தது, ஃபெஸ்டிக்கும் இருந்தது. ஆனால் அவன் ஏறவில்லை. தார் ரோட்டில் வண்டிக்குப் பின்னால் ஓடவிட்டால் குட்டிக்குக் கால் கெடும் என்று, சாலையோரப் புல்லில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வண்டியிலிருந்து பாபீன் கத்திக்கொண்டே வந்தாள்.

“ஏறுய்யா! நனைஞ்சு சாகப்போற!”

“நீ போ, நான் வர்றேன்.”

“நீ வாய மூடியிருந்தா மொதப் பரிசு!”

“நீ மூடியிருந்தாலும்தான்!”

கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. பாபீன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். போகச் சொல்லி நாப்லாவுக்குக் கையைக் காட்டினாள். ஈரப்புல்லில் இறங்கி வந்து குட்டியின் மறுபக்கம் சேர்ந்துகொண்டாள். வண்டி வளைவில் மறைந்தது. மழை விட்டபாடில்லை. குட்டி நடுவில், இவர்கள் இரண்டு பக்கமும், ஒருவர் பேச ஒருவர் மறுத்துப் பேச, மலையைச் சுற்றி நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள்.